கழற்றிய ரப்பர் ரிங்கைத் தூக்கி எறியாதீர்கள்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. வண்டிக்கு அடியில் தரை காய்ந்து கிடக்கிறது. ஹோஸ், கிளிப், வாட்டர் பம்ப் எல்லாம் தடவிப் பார்த்தாயிற்று, எங்கும் ஈரம் இல்லை. டிராக்டரோ லாரியோ பம்ப்செட்டோ, டீசல் என்ஜினில் இந்த நிலை வந்தால் போன தண்ணீர் என்ஜினுக்குள்ளேதான் போயிருக்க வேண்டும். ஈர லைனர் போட்ட என்ஜின்களில் அது போகும் வழிகளில் ஒன்று, லைனரின் அடிப்பக்கத்தில் இருக்கும் ரப்பர் ரிங். விலையைப் பார்த்தால் சில்லறைச் சாமான். ஆனால் ஹெட்டைத் தூக்கி, சம்பை இறக்கி, பிஸ்டனை உருவி, லைனரையும் இழுத்தால்தான் கை அதைத் தொடும். சாமான் சின்னது, வேலை பெரியது என்பதாலேயே பட்டறைகளில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது: பழைய ரிங்கை நெம்பி எடு, குப்பையில் போடு, புதியதை மாட்டு, என்ஜினைப் பூட்டு. இந்த அத்தியாயம் அந்தப் பழக்கத்துக்கு எதிரானது. ரிங் ஏன் கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால், பழையதைக் கெடுத்த காரணம் புதியதையும் கெடுக்கும். அந்தக் காரணம் பெரும்பாலும் கழற்றிய ரிங்கிலும், அது உட்கார்ந்திருந்த இரும்பிலும் தடம் விட்டிருக்கும். தடத்தைப் பார்த்த பிறகு புதிய ரிங் பாக்கெட்டைப் பிரித்தால் போதும்.

முதலில் ரிங் எப்படித் தண்ணீரை நிறுத்துகிறது என்பதைப் பார்ப்போம். ஈர லைனரின் வெளிச்சுவரைக் கூலன்ட் நேராகத் தொட்டு ஓடுகிறது. மேல்பக்கம், பல என்ஜின்களில், லைனரின் காலர் பிளாக்கில் வெட்டிய படியில் உட்காரும். ஹெட்டும் கேஸ்கெட்டும் அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். கீழ்ப்பக்கத்தை அப்படி இறுக்க முடியாது. லைனர் சூட்டில் நீளும், ஆறினால் குறுகும். அதற்கு இடம் விட்டாக வேண்டும். அதனால் கீழே இரண்டோ மூன்றோ ரப்பர் ரிங்குகள், லேத்காரர்கள் குரூவ் என்று சொல்லும் காடியில் உட்கார்ந்து, மேலே கூலன்ட்டையும் கீழே சம்ப் பக்கத்து ஆயிலையும் பிரித்து வைக்கின்றன. காடியின் ஆழம் ரிங்கின் தடிமனைவிடக் குறைவு. எனவே லைனர் இறங்கும்போது ரிங் நசுங்குகிறது. நசுங்கிய ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்து இரண்டு இரும்புச் சுவரையும் தள்ளுகிறது. அந்தத் திமிறல்தான் தண்ணீரை நிறுத்துகிறது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சனுக்கு ஓ-ரிங்குக்கான அமெரிக்கக் காப்புரிமை 1939-இல் கிடைத்தது. ரப்பர் வளையம் அதற்கு முன்பே உலகில் இருந்தது. எந்தத் தடிமன் ரிங்குக்கு எந்த அளவுக் காடி என்ற பொருத்தத்தில்தான் அவருடைய கண்டுபிடிப்பு இருந்தது. ரிங் பாதி, காடி பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சீல்.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 3.53 மி.மீ. தடிமன் உள்ள ரிங் 2.82 மி.மீ. இடத்தில் உட்கார்ந்தால் 0.71 மி.மீ. நசுங்கும், அதாவது சுமார் 20 சதவீதம். அசையாத இடத்துச் சீலுக்கு இது நடுத்தரமான அளவு. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய பிறகு அதே ரிங்கைக் கழற்றி வெர்னியரில் பிடிக்கிறீர்கள், 3.00 மி.மீ. காட்டுகிறது. நசுங்கிய 0.71-இல் அது மீட்டது 0.18 மட்டும். முக்கால் பங்கு திமிறல் செத்துவிட்டது. கண்ணால் பார்த்தால் ரிங் முழுசாக இருக்கும், கிழிசலோ வெடிப்போ இருக்காது. ஆனாலும் அது சீலாக வேலை செய்து முடித்துவிட்டது. 1986 பிப்ரவரியில், சேலஞ்சர் விண்கல விபத்தை விசாரித்த குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ராக்கெட்டின் ஓ-ரிங் ரப்பர்த் துண்டு ஒன்றைச் சின்னக் கவ்வியில் நசுக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்துக் காட்டினார். கவ்வியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் உடனே நிமிரவில்லை. அங்கே காரணம் குளிர். நம் என்ஜினில் காரணம் சூடும் வயதும். பாடம் ஒன்றுதான்: கிழியாத ரப்பரும் கைவிடும்.

ஆனால் ரிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன் குற்றம் அதனுடையதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். என்ஜினை இரவு முழுக்க ஆற விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்பின் டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் படிந்திருக்கும். முதலில் தண்ணீர் சொட்டி, பின்னால் ஆயில் வந்தால் கசிவு உள்ளே என்பது உறுதி. அடுத்து ரேடியேட்டரைப் பாருங்கள். ஓடும் என்ஜினில் ஆயில் கூலருக்குள் ஆயிலின் அழுத்தம் கூலன்ட்டைவிட அதிகம்; கூலர் உடைந்தால் ஆயில் தண்ணீருக்குள் போய் மேலே மிதக்கும். லைனர் ரிங்குக்குக் கீழே இருக்கும் சம்பிலோ அப்படி அழுத்தம் கிடையாது. அங்கே தண்ணீர் இறங்குமே தவிர ஆயில் ஏறாது. எனவே ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் சந்தேகம் முதலில் ஆயில் கூலர் மேலும் ஹெட் கேஸ்கெட் மேலும் போகட்டும். என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் எரிந்த புகை தண்ணீருக்குள் நுழைகிறது; அது ஹெட் பக்கத்துக் கதை. இவை இரண்டும் இல்லாவிட்டால் சம்பை இறக்கி, கீழே செய்தித்தாளை விரித்து, ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். டார்ச் அடித்துக் கீழிருந்து பார்த்தால் லைனருக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருந்து வெளிச்சுவர் வழியாகச் சொட்டு இறங்குகிறதா, லைனருக்குள் பிஸ்டன் ஓரமாக இறங்குகிறதா என்று தெரியும். வெளிச்சுவர் என்றால் ரிங். உள்பக்கம் என்றால் லைனர் ஓட்டை, கேஸ்கெட் அல்லது ஹெட் வெடிப்பு. அங்கே நூறு ரிங் மாற்றினாலும் பயன் இல்லை.

லைனரை இழுக்கும் முன் அதன் முன்பக்கத்தைப் பெயின்ட்டால் குறித்து, சிலிண்டர் எண்ணையும் எழுதுங்கள். இழுத்த பிறகு ரிங்குகளை அந்தந்த வரிசையில், மேல் கீழ் மாறாமல், ஒரு துணியில் பரப்புங்கள். வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு பட்டையாகி, விரலால் அழுத்தினால் கல்லாக இருந்தால் அது சூட்டில் மூத்த ரிங். ஆயுள் முடிந்து மூத்ததா, என்ஜின் அடிக்கடி கொதித்ததால் சீக்கிரம் மூத்ததா என்பதை ஓடிய மணி நேரம் சொல்லும். சீக்கிரம் என்றால் தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்காமல் என்ஜினைப் பூட்டக் கூடாது. ரிங் ஊறிப் பருத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தால் ரப்பர் வகை தவறு, அல்லது மாட்டும்போது ஆகாத கிரீஸ் தடவியிருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் சீவியது போல் வெட்டு இருந்தால் பிளாக்கின் உள் விளிம்பு கூராக இருக்கிறது. பழைய ரிங்கை அது மாட்டிய அன்றே வெட்டியிருக்கிறது. சுற்றிலும் சுருள் போல் முறுக்குத் தழும்பு இருந்தால் லைனரை இறக்கும்போது ரிங் உருண்டிருக்கிறது. வெளிமுகம் மட்டும் உரசி மழுங்கியிருந்தால் லைனர் இருந்த இடத்தில் ஆடியிருக்கிறது. ரிங் புத்தம் புதிதாக இருந்தால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். தண்ணீர் ரிங்கைச் சுற்றிக்கொண்டு, அரித்துப்போன இரும்பு வழியாகப் போயிருக்கிறது என்று பொருள்.

அடுத்து இரும்பு. காடியில் படிந்திருக்கும் துருவும் உப்பும் காடியின் ஆழத்தைக் குறைத்து, ரிங்கை ஓரிடத்தில் அதிகம் நசுக்கி, பக்கத்தில் தூக்கி நிறுத்தும். மரக்குச்சியாலும் பித்தளைக் கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டி எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை காடியில் கீறல் போடும், அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. சுத்தம் செய்த பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் குழி ரிங் உட்காரும் பட்டையில் இருந்தால் புதிய ரப்பர் அதை நிரப்பாது. லைனர் பக்கம் என்றால் லைனரை மாற்ற வேண்டும், பிளாக் பக்கம் என்றால் லேத் பட்டறையில் சரிசெய்ய வேண்டும். பிறகு லைனரின் வெளிச்சுவரை, நீங்கள் பெயின்ட்டில் குறித்த திசையோடு ஒப்பிடுங்கள். கிராங்க் ஷாஃப்டுக்குக் குறுக்கான பக்கங்களில் மேலிருந்து கீழாக ஒரு பட்டையில் ஊசி குத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது சாதாரணத் துரு இல்லை. பிஸ்டன் ஒவ்வொரு முறை பக்கம் மாறி மோதும்போதும் லைனர் அதிர்கிறது. அதிரும் சுவரில் கூலன்ட் நொடிக்கும் குறைந்த நேரம் விலகி ஆவிக் குமிழி உண்டாகிறது. குமிழி உடையும்போது இரும்பைக் கொத்துகிறது. கொத்திக் கொத்தி, லைனர் சுவரையே துளைத்துவிடும். இதற்கு மருந்து கூலன்ட்டில் இருக்கும் நைட்ரைட் போன்ற சேர்மானம், ரப்பரில் இல்லை.

மேலே லைனரின் காலர் உட்காரும் படியையும் விட்டுவிடக் கூடாது. ரிங் கீழே இருக்க, மேலே ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ரிங்கின் வேலை தண்ணீரை நிறுத்துவது. லைனரைப் பிடித்து நிறுத்துவது ஹெட்டின் வேலை. லைனர், பிளாக்கின் மேல்மட்டத்தைவிட மயிரளவு துருத்திக்கொண்டு நின்றால்தான் ஹெட் அதை அழுத்திப் பிடிக்கும். பல என்ஜின்களில் இந்தத் துருத்தல் 0.05 முதல் 0.15 மி.மீ. வரை, உங்கள் என்ஜினுக்கான எண்ணை அதன் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். படி அரித்து லைனர் இறங்கியிருந்தால் ஒவ்வொரு அடியிலும் லைனர் அசையும், ரிங் உரசித் தேயும். ரிங் போடாமல் வெறும் லைனரை முதலில் இறக்கிப் பாருங்கள். கையால் தள்ளினாலே இறங்கி, கையால் சுற்றவும் வர வேண்டும். அழுத்திப் பிடித்து டயல் கேஜை வைத்து நாலு இடத்தில் துருத்தலை அளந்து எழுதுங்கள். ரிங் வரும் உயரத்தில் லைனரின் உள்விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். குறைவு என்றால் மேனுவல் அனுமதிக்கும் ஷிம் போட வேண்டும்; படி அரித்திருந்தால் முதலில் அதைச் செதுக்கிச் சமமாக்கி, பிறகு ஷிம் போட வேண்டும்.

இப்போதுதான் புதிய ரிங். கறுப்பு ரப்பர் எல்லாம் ஒரே ரப்பர் என்பது கடைத்தெரு நம்பிக்கை. இபிடிஎம் என்ற ரப்பர் சூடான தண்ணீரையும் கூலன்ட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் மினரல் ஆயில் பட்டால் ஊறிப் பருக்கும். நைட்ரைல் ஆயிலைத் தாங்கும். 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து வெந்தால் சீக்கிரம் இறுகும். விட்டான் என்ற பெயரில் தெரிந்த ஃப்ளூரோ ரப்பர் சூட்டையும் ஆயிலையும் தாங்கும், விலை அதிகம். தண்ணீர் பக்கத்துக்கு ஒரு ரப்பர், ஆயில் பக்கத்துக்கு வேறு ரப்பர் என்று ஒரே செட்டில் இரண்டு வகை கொடுக்கும் தயாரிப்பாளர்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். அவற்றை இடம் மாற்றிப் போட்டால் இரண்டுமே கெடும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பார்ட் நம்பரை நம்புங்கள். உதிரியாக வாங்கிய ரிங் எந்த வகை என்று சந்தேகம் வந்தால், உபரி ரிங் ஒன்றின் தடிமனை அளந்து, டீசலில் ஓரிரு நாள் ஊறவிட்டு மறுபடி அளங்கள். இபிடிஎம் நன்றாகப் பருத்திருக்கும். சோதித்த ரிங்கை மாட்டக் கூடாது. கடையில் வெயில் படும் சுவரில் ஆணியில் தொங்கிய ரிங்கும் வேண்டாம். ஆணி பட்ட இடத்தில் மடிப்பு விழுந்திருக்கும், வெயில் மேல்தோலை வெடிக்கவைத்திருக்கும்.

மாட்டுவதற்கு முன் பிளாக்கின் உள் விளிம்பை நைஸ் எமரித் தாளால் தடவிக் கூர்மையை எடுத்து, தூள் போகக் கழுவித் துடையுங்கள். ரிங்கை லைனர் மேல் மாட்டியதும், அதன் அடியில் மழமழப்பான ஒரு குச்சியை நுழைத்து லைனரைச் சுற்றி இரண்டு முறை ஓட்டுங்கள். ஒருபக்கம் இழுபட்டு ஒருபக்கம் தொய்ந்திருந்தால் அது சமமாகிவிடும். முறுக்கு இருக்கிறதா என்று ரிங்கின் வார்ப்புக் கோட்டைப் பார்த்தால் தெரியும். கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் ஓட வேண்டும். வழுக்கலுக்கு மேனுவல் சொல்வதைத் தடவுங்கள். அது எதுவும் சொல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் இபிடிஎம்முக்குத் தீங்கு செய்யாது, கிரீஸ் செய்யும். லைனரை நேராகப் பிடித்து, இரண்டு உள்ளங்கையால் ஒரே அமுக்காக இறக்குங்கள். சுத்தியல் வேண்டியிருந்தால் எங்கோ தவறு. மேலே எடுத்துப் பாருங்கள். இறங்கியதும் லைனரின் உள்விட்டத்தை ரிங் இருக்கும் உயரத்தில் போர் கேஜால் அளந்து, ரிங் இல்லாமல் அளந்ததோடு ஒப்பிடுங்கள். புரண்ட ரிங் லைனரை உள்ளே தள்ளும்; அந்த இடத்தில் பிஸ்டன் பிடிக்கும். ஹெட்டைப் பூட்டும் வரை லைனரைக் கிளாம்ப் போட்டுப் பிடித்திருங்கள். கிளாம்ப் இல்லாமல் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் லைனரை மேலே இழுத்து, போட்ட ரிங்கை அங்கேயே அறுக்கும். வேறு வேலைக்காக ஹெட்டைக் கழற்றிய என்ஜினில் திடீரென்று ரிங் கசிவு தொடங்குவதற்கும் இதுவே காரணமாக இருப்பதுண்டு. கடைசியாக, சம்பை மூடுவதற்கு முன் கூலன்ட் நிரப்பி, மறுபடியும் பிரஷர் டெஸ்டர் போட்டு, அடியில் புதிய செய்தித்தாள் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். தாள் காய்ந்திருந்தால் மட்டும் சம்பைப் பூட்டுங்கள்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்பது முதல் ஆட்சேபம். அறுவடை நேரத்தில் நிற்கும் டிராக்டருக்கு முன்னால் அது நியாயமான ஆட்சேபமும்கூட. ஆனால் இந்த வேலையில் நேரத்தைத் தின்பது என்ஜினைக் கழற்றிப் பூட்டுவதுதான். ரிங்கைப் பார்ப்பதும், காடியைத் தடவுவதும், துருத்தலை அளப்பதும் அதற்கு நடுவில் சில மணி நேரம். அதை மிச்சம் பிடித்து, கசிவு திரும்பி வந்தால் முழுக் கழற்றலும் இன்னொரு முறை. அதோடு நிற்காது, கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளில் எண்ணெய்ப் படலத்தைக் காப்பாற்றாது, கிராங்கையும் கெடுக்கும்.

இரண்டாவது, ரேடியேட்டரில் கசிவடைப்புப் பவுடர் போட்டால் நின்றுவிடுமே என்பது. ரேடியேட்டர் குழாயில் ஊசித் துளை இருந்தால் வழியில் வீடு சேர அது உதவலாம். லைனர் ரிங் இருக்கும் இடம் சூட்டில் அசையும் இடம். அங்கே படிந்த பவுடர் நிலையாக நிற்காது, ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஆயில் கூலரிலும் நிற்கும். ரிங்கைக் கெடுத்தது சூடு என்றால் இந்த மருந்து நோயை வளர்க்கிறது. ரிங்கோடு சேர்த்து சிலிகான் பேஸ்ட் தடவினால் பாதுகாப்புதானே என்பதும் இதே வகை. காடியில் ரிங் நசுங்கிப் பரவக் காலி இடம் வேண்டும். ரப்பர் நெளியுமே தவிரச் சுருங்காது. அந்தக் காலி இடத்தைப் பேஸ்ட் அடைத்துக்கொண்டால் ரிங் பிதுங்கி வெளியே வரும், அல்லது லைனரை நெருக்கும். மேனுவல் கேட்காத இடத்தில் பேஸ்ட் வேண்டாம்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு அனுபவத்தின் பலம் இருக்கிறது: காலம் காலமாகப் போர்த் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டுகிறோம், என்ஜின் ஓடவில்லையா? ஓடியது உண்மை. கிணற்றிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர் ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் பழைய பம்ப்செட்டுக்கு அது பொருந்தவும் செய்தது. அங்கே அழுத்தமும் இல்லை, பெரிய சூடும் இல்லை. மூடிய ரேடியேட்டர் வேறு. 0.9 பார் மூடி போட்டால் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் உப்புத் தண்ணீர், வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போலவே, லைனர் சுவரில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு வார்ப்பிரும்பைவிடச் சுமார் இருபது மடங்கு குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். சூடு லைனரிலேயே தங்கும். லைனரைக் கட்டிப் பிடித்திருக்கும் ரப்பர் வேகும். எனவே டீசல் என்ஜினுக்கான கூலன்ட்டை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில், டப்பாவில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். பல கூலன்ட்டுகளுக்கு அது பாதிக்குப் பாதி. பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ திறந்த சட்டியிலோ விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நாயையும் கொல்லும், குழந்தையையும் கொல்லும்.

வேலை முடிந்ததும் ஒன்று பாக்கி இருக்கிறது. கழற்றிய ரிங்குகளை ஒரு உறையில் போட்டு, சிலிண்டர் எண், தேதி, என்ஜின் ஓடிய மணி, அளந்த தடிமன், லைனர் துருத்தல் ஆகியவற்றை மேலே எழுதி, வண்டியின் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த முறை சம்பைக் கழற்றுபவர் நீங்களாகவும் இருக்கலாம், வேறு ஊர் மெக்கானிக்காகவும் இருக்கலாம். புதிதாகக் கழற்றும் ரிங் அதே இடத்தில் அதே போல் பட்டையாகியிருந்தால் வயதுதான் காரணம் என்று நிம்மதியாக மாற்றிவிடலாம். பாதி நேரத்தில் பட்டையாகியிருந்தால், ரிங் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் அவர் ரேடியேட்டர் பக்கம் போவார்.